கொடுப்பதற்காக இணையட்டும் ஏடுகள்

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் வாழும் ஓர் ஏழைக் குடும்பத்தின் சரித்திரத்தை எழுத விரும்புகிறவர், அந்தக் குடும்பத்தாரோடு ஒரு வார்த்தையும் பேசாமல், அரசாங்க அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும் பதிவேடுகளைக் கொண்டே அதைப் பெரும்பாலும் எழுதிவிட முடியும். வீட்டுப் பெண் கருவுற்ற செய்தி கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் எடையும் உயரமும் அங்கன்வாடியில் குறிக்கப்படுகின்றன. அது பள்ளியில் சேர்ந்ததும் கல்வி இலாகாவின் எமிஸ் எண் ஒன்று அதற்கு வாய்க்கிறது. எத்தனை கிலோ அரிசி வாங்கினார்கள் என்பதை ரேஷன் கடையின் கருவி அறியும். பாட்டிக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதை, 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் ஊழியர் வாசலுக்கே வந்து அளந்து எழுதிக்கொண்டு போகிறார். யாரேனும் இறந்தால் இறப்புப் பதிவாளரின் ஏட்டில் அதுவும் ஏறிவிடுகிறது. இத்தனையும் அறிந்த அதே சர்க்கார், அந்தக் குடும்பத்தில் ஒருவர் உதவி நாடித் தாலுகா ஆபீசின் படியேறும்போது, அவரை முன்பின் அறியாததுபோல ரேஷன் அட்டை நகல் எங்கே, வருமானச் சான்று எங்கே, இறப்புச் சான்று எங்கே என்று கேட்கத் தொடங்குகிறது. ஓர் இலாகாவின் கையில் இருக்கும் செய்தியை மற்றோர் இலாகாவுக்குச் சுமந்து செல்லும் வேலையை, ஒரு நாள் கூலியை இழந்து வந்து நிற்கும் பிரஜையின் மேல் சுமத்துவது எவ்வகையிலும் நியாயமாகாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

சுகாதாரம், சமூக நலம், வருவாய், உணவு வழங்கல், கல்வி ஆகிய இலாகாக்கள் தம்மிடமுள்ள தகவல்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கையை ஆதரிக்கிறோம். ஆனால் அந்த ஆதரவு ஒரு நிபந்தனையோடு கூடியது. ஏடுகள் இணைவது, ஜனங்களுக்கு உரியதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக இருக்க வேண்டும். அவர்களுக்குக் கிடைத்துவரும் ஓர் உதவியை, கணினி கண்ட பொருத்தத்தையோ பொருத்தமின்மையையோ மட்டும் நம்பி நிறுத்துவதற்காக ஒருபோதும் இருக்கக் கூடாது.

இரண்டு வெவ்வேறு இடங்களில் கிடக்கும் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்ப்பதனால் மனித உயிருக்கு விளையும் நன்மை இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. 1854-இல் லண்டன் மாநகரின் தென்பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற வைத்தியர், இறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து மாண்டவர்களின் விலாசங்களைப் பெற்று, அந்த வீடுகளுக்கு எந்தக் கம்பெனியின் தண்ணீர் வருகிறது என்பதை விசாரித்தறிந்தார். சாக்கடை கலந்த இடத்தில் தேம்ஸ் நதியின் நீரை எடுத்து விநியோகித்த கம்பெனியின் வாடிக்கை வீடுகளில் பதினாயிரத்துக்கு 315 பேரும், நதியின் மேற்பகுதிக்குச் சென்று நீர் எடுத்த கம்பெனியின் வீடுகளில் பதினாயிரத்துக்கு 37 பேரும் மாண்டிருந்தனர். மரண ஏட்டிலோ தண்ணீர்க் கம்பெனியின் கணக்கிலோ தனியே தேடியிருந்தால் இந்த உண்மை யார் கண்ணுக்கும் புலப்பட்டிராது. இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு: விலாசப் பட்டியல் கைக்கு வந்த பிறகு, அந்த வைத்தியர் மேசையருகே உட்கார்ந்துவிடவில்லை; வீடு வீடாக நடந்து சென்று கதவைத் தட்டிக் கேட்டார்.

நம் மாநிலத்திலேயே இந்த வழி பலன் தந்திருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது நம்மிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். புகுந்த வீட்டு ஊரின் செவிலியர் ஆறேழு மாதங்கள் கவனித்து வந்த பெண், வளையல் அடுக்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் பயணமாகும்போது, அவளுடைய ரத்தசோகையும், முந்தைய மாதத்தில் ஏறிய ரத்த அழுத்தமும், போட்ட ஊசியும் அவளோடு பயணம் செய்யாமல் பழைய ஊரின் நோட்டுப் புத்தகத்திலேயே தங்கிவிட்டால், பிரசவ வலியோடு அவள் வந்து சேரும் ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் எதை வைத்து அபாயத்தை முன்கூட்டி உணர்வார்கள்? கர்ப்பிணிகள் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்து, பிக்மி என்று செவிலியர்களும் தாய்மார்களும் ஒருங்கே அழைக்கும் ஏற்பாட்டில் அவர்களைப் பதிவுசெய்து, அந்த எண்ணையே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும், குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் தொடர்புபடுத்தியதன் மூலம் தமிழகம் இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல விடையைத் தேடிக்கொண்டது. ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் பெறுமான அந்த உதவி, செவிலியரின் பதிவை ஆதாரமாகக் கொண்டே தவணை தவணையாகத் தாயைச் சென்றடைகிறது.

இவ்வளவு செய்த அரசாங்கம், அதே குடும்பத்தில் மரணம் நேரும்போது மட்டும் ஏன் வாய்மூடி நின்றுவிடுகிறது என்பதே நம்மை வாட்டும் விஷயம். ஒரு மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டுமென்று 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் விதிக்கிறது. ஜனங்களும் பெரும்பாலும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். முப்பத்தைந்து வயதில் கணவனை இழந்து இரு குழந்தைகளோடு நிற்கும் ஒரு பெண்ணின் நிலைமை, ஆகவே, அரசாங்கத்துக்கு ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடுகிறது. அவளுக்கு விதவை உதவித்தொகை உண்டு. 2023-இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தைத் தாங்கியவர் 60 வயதுக்குள் இறந்தால், மத்திய சர்க்காரின் தேசியக் குடும்ப நலத் திட்டப்படி ஒரே தவணையாக 20,000 ரூபாயும் உண்டு. ஆனால் இவை உண்டு என்பதை அவள் தானே யாரிடமோ கேட்டறிந்து, இ-சேவை மையத்துக்குப் போய், கிராம நிர்வாக அலுவலரையும் வருவாய் ஆய்வாளரையும் கண்டு, தனி வட்டாட்சியரின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த உறவினர் துணையுள்ளவள் பெறுகிறாள். அத்துணை இல்லாதவள், அதாவது எவளுக்காக அத்திட்டம் ஏற்பட்டதோ அவள், மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் அதைப் பெறாமலே காலந்தள்ளுகிறாள்.

அதே இறப்பு ஏடு வேறொரு காரியத்துக்குத் தாமதமின்றிப் பயன்பட வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பார்லிமென்ட் 2023-இல் ஒரு திருத்தம் செய்தது. பிறப்பு இறப்புத் தகவல்களை எந்தெந்த அலுவலகங்களுக்கு அளிக்கலாம் என்று அத்திருத்தம் பெயர் சொல்லிக் கூறுகிறது: மக்கள்தொகைப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்போர்ட், வாகன ஓட்டுநர் உரிமம், சொத்துப் பதிவு. இறந்தவரின் பெயரைப் பட்டியல்களிலிருந்து நீக்குவது அவசியமே. அதில் நமக்கு ஆட்சேபம் கிடையாது. எனினும் இறந்தவர் விட்டுச் சென்ற பெண்ணுக்கும் குழந்தைகளுக்கும் உரிய உதவித் திட்டங்கள் அந்த வரிசையில் பெயர் பெறவில்லை. 'பிற' என்னும் பொதுச் சொல்லின் நிழலில்தான் அவை ஒதுங்கி நிற்க முடியும். எடுப்பதற்கு விரையும் தகவல் கொடுப்பதற்குத் தயங்குகிறது. இந்தத் தயக்கத்தை மாற்றுவதே ஏடுகளை இணைக்கும் முயற்சியின் முதல் நோக்கமாக இருக்க வேண்டும்.

இணைப்பதில் அபாயமே இல்லையென்று வாதிப்பவர்களோடு நாம் சேரமாட்டோம். ஆஸ்திரேலியாவில் நடந்தது எல்லா அரசாங்கங்களுக்கும் பாடமாக வேண்டியது. அந்நாட்டில் வேலையற்றோருக்கும் மாணவர்களுக்கும் உதவித்தொகை வழங்கும் இலாகா, வருமான வரி இலாகாவிடமிருந்து அவர்களுடைய ஆண்டு வருமானக் கணக்கை வாங்கி, அதை 26 சமபங்குகளாக வகுத்து, இரு வாரத்துக்கு ஒருமுறை அவர்கள் உண்மையில் தெரிவித்திருந்த வருமானத்தோடு அதை ஒப்பிட்டு, வித்தியாசம் கண்டவிடமெல்லாம் கடன் நோட்டீஸ் அனுப்பியது. ஆறு மாதம் வேலையில் இருந்து, ஆறு மாதம் வேலையின்றி உதவி பெற்ற ஒருவன், இந்தக் கணக்கின்படி ஆண்டு முழுவதும் சம்பாதித்துக்கொண்டே சர்க்காரை ஏமாற்றியவனாகிறான். தான் ஏமாற்றவில்லை என்பதைப் பல வருஷங்களுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளைத் தேடியெடுத்து அவனே நிரூபிக்க வேண்டும். 2016 முதல் சில ஆண்டுகள் நடந்த இத்திட்டம் சட்டவிரோதமானது என்று முடிவாகி, 2020-இல் பணத்தைத் திருப்பிக் கொடுக்க அந்த அரசாங்கம் இணங்கியது. 2023 ஜூலையில் ராயல் கமிஷன் அதைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை தந்தது. இடையில் சிலர் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டதற்குப் பணத்தைத் திருப்பித் தருவது ஈடாகுமா?

அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. நம் நாட்டிலேயே, தெலங்கானாவில் 2016 முதல் சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகள், கணினி கழித்துக்கட்டியதை நம்பி, உரியவர்களுக்கு முன்னறிவிப்புக் கொடாமலே ரத்து செய்யப்பட்டன என்று வழக்குத் தொடரப்பட்டு, 2022 ஏப்ரலில் அவற்றை நேரடியாகக் களத்தில் சென்று மறுபடி சரிபார்க்குமாறு சுப்ரீம் கோர்ட் உத்தரவிட வேண்டியதாயிற்று. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், ஒரே பெயருடைய இருவரை ஒருவரெனக் கொண்டாலும், கணினி தன் பிழையைத் தானே உணர்ந்து வருந்துவதில்லை. பசியால் வருந்துவது வேறு யாரோ. இன்ஷியலே குடும்பப் பெயரின் ஸ்தானத்தில் நிற்கும் நம் நாட்டில், முருகன் என்றும் லட்சுமி என்றும் ஒரே தாலுகாவில் எத்தனை நூறு பேர் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த அபாயத்தின் அளவு விளங்கும்.

மகளிர் உரிமைத்தொகை விஷயத்தில் நம் அரசாங்கம் இதைவிடச் சற்று நிதானமாக நடந்துகொண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 செப்டம்பர் 15-இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு அது வழங்கப்பட்டபோது, ஆண்டு வருமானம், நிலத்தின் அளவு, ஆண்டுக்கு 3,600 யூனிட் என்ற மின்சார வரம்பு, நான்கு சக்கர வாகனம் ஆகியவற்றைப் பற்றிப் பல இலாகாக்களின் கணக்குகளும் ஒத்துப்பார்க்கப்பட்டன. நிராகரிக்கப்பட்டவர்கள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழியும் வைக்கப்பட்டது. நல்லதே. ஆயினும் மூன்று குடித்தனங்கள் ஒரே மீட்டரில் மின்சாரம் எடுக்கும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அந்த மீட்டரின் கணக்கைக் கொண்டு ஒருத்தியின் வசதியை அளப்பது பிசகு. முறையிட வழி இருப்பது மட்டும் போதாது. முறையிட வேண்டிய அவசியமே நேராதபடி, மறுப்பதற்கு முன் ஒரு மனிதர் அந்த வாசலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

நோயைப் பற்றிய தகவலோ இன்னும் நுட்பமானது. காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் என்று 2018-இல் தொடங்கிய உதவி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாகியிருக்கிறது. வறியவர்களை அதிகம் வாட்டும் அந்நோயில், மருந்தைப் போலவே ஆகாரமும் அவசியம். ஆகவே காசநோய்ப் பிரிவும் உணவு வழங்கல் இலாகாவும் கைகோத்து, அந்த வீட்டுக்குக் கூடுதல் பருப்பும் எண்ணெயும் கொடுப்பது மிகவும் உசிதமானது. ஆனால் எதற்காகக் கூடுதல் என்பது ரேஷன் கடைக்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன? தெரிந்தால் மறுநாள் அது தெருவுக்குத் தெரியும். அதற்கடுத்த நாள் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுபோகும். அதை அஞ்சிய அயல்வீட்டுக்காரர் தம் இருமலை மறைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டார். இன்ன அட்டைக்கு இவ்வளவு என்ற முடிவு மட்டும் கடைக்குச் செல்லட்டும். காரணம் வைத்தியரிடமே தங்கட்டும். எச்.ஐ.வி. பற்றியும் மனநலச் சிகிச்சை பற்றியும் 2017-இல் இயற்றப்பட்ட இரு சட்டங்கள் ரகசியத்தை வற்புறுத்துகின்றன. எந்த இணைப்பும் அந்த வேலியைத் தாண்டக் கூடாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஏகமனதாகத் தீர்ப்பளித்துவிட்டனர். அதன் பின்னர் வந்த 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, மானியமும் உதவியும் வழங்குவதற்காக அரசாங்கம் ஜனங்களின் தகவலைக் கையாளும்போது, புதிதாகச் சம்மதம் கேட்க வேண்டிய கட்டாயத்திலிருந்து அதற்குப் பெருமளவு விலக்குக் கொடுத்திருக்கிறது. மயானத்திலிருந்து வந்த ஈரப் புடவையோடு நிற்பவளிடம் சம்மதப் படிவத்தை நீட்டக் கூடாது என்ற அளவில் அந்த விலக்கை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் சம்மதம் கேட்காதவனுக்குக் கணக்குக் காட்டும் கடமை இருமடங்காகிறது. எஸ்டோனியா என்ற சிறிய தேசத்தில் 2001 முதல் இயங்கிவரும் ஏற்பாட்டில், எல்லாத் தகவலையும் ஒரே கிடங்கில் கொட்டாமல், அவை அந்தந்த இலாகாவிடமே இருக்க, வேண்டியதை மட்டும் வேண்டியபோது கேட்டுப் பெறுகிறார்கள். தம் ஏட்டை எந்த அதிகாரி எப்போது திறந்து பார்த்தார் என்பதைப் பிரஜைகள் தாமே அறிய முடிகிறது. மாநிலக் குடும்பத் தரவுத்தளம் என்ற பெயரில் தமிழக மின் ஆளுமை முகமை உருவாக்கிவரும் ஏற்பாட்டிலும் இந்த இரண்டு அம்சங்களும் இடம்பெற வேண்டும். திறன்பேசி இல்லாதவர்களுக்காக, அந்த விவரம் கிராம ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கப்பட வேண்டும்.

ஆகவே நாம் கோருவது இதுதான். உதவி எதையும் நிறுத்துவதற்கு முன் எழுத்து மூலம் தமிழில் அறிவிப்பு, முப்பது நாள் அவகாசம், வீட்டுக்கு நேரில் சென்ற அதிகாரியின் கையெழுத்து ஆகிய மூன்றும் இருந்தே தீர வேண்டும் என்று சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டும். அந்தச் சட்டம் வரும்வரை ஒரு காரியத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாநில அளவிலான இறப்புத் தகவலை மாநிலத்தின் பிற இலாகாக்களுக்கு அளிக்க, 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மாநில அரசின் ஒப்புதலே போதும். அந்த ஒப்புதலை இம்மாதமே அளித்து, ஒரு மரணம் பதிவான செய்தி தனி வட்டாட்சியருக்குத் தானாகச் சென்று, உதவிக்கு உரியவள் மனுப்போடும் முன்பே கிராம நிர்வாக அலுவலர் படிவத்தோடு அவள் வீட்டுக்குச் செல்லுமாறு முதலமைச்சர் உத்தரவிட வேண்டும்.