கட்டை போடுகிறவர்கள்

பங்குனி ஆயில்யத்துக்குத் திருவாரூர் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடப்பார்கள். பார்க்காமல் இருக்கவும் முடியாது. அலங்காரம் முடிந்த ஆழித்தேரின் உயரம் 96 அடி. எடை 300 டன்னுக்குக் குறையாது என்கிறார்கள். மூங்கில் கட்டி, தேர்ச்சீலை சுற்றி, தொம்பைகளைத் தொங்கவிட்டு, மரக்குதிரைகள் நான்கும் பாயத் தயாராக நிற்க, உள்ளே தியாகராஜர். நான் மட்டும் சில வருடங்களாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். பக்திக்குக் குறைவில்லை. வேடிக்கை அங்கேதான் இருக்கிறது.

சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்தபடியே பின்வாங்கி நடக்கிற ஆட்களைக் கவனித்திருக்கிறீர்களா? கையில் புளியமரத்து முட்டுக்கட்டை. ஒரு பக்கம் ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கும். 'ஆரூரா! தியாகேசா!' என்று ஊரே கத்துகிற நேரத்தில் இவர்கள் வாய் திறப்பதில்லை. கண் சக்கரத்தில், காது விசிலில். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது என்பது பலருக்கு உறைப்பதே இல்லை. தேர் இடப்பக்கம் ஒதுங்கினால் வலச்சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்கள். அந்தப் பக்கம் சற்றுத் தயங்கும், இந்தப் பக்கம் முந்தும், தேர் நடுத்தெருவுக்கு வந்துவிடும். கட்டையை எவ்வளவு சாய்த்து வைப்பது, எப்போது உருவுவது என்பதெல்லாம் கைப்பழக்கம். ஒரு நொடி பிந்தினால் கட்டை நசுங்கித் தும்பாகிவிடும். நசுங்கிய கட்டைகளைத் தேர் போன பிறகு சிறுவர்கள் பொறுக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

தெருமுனைதான் பெரிய சோதனை. இரும்புத் தகடுகளைப் பரப்பி, கிரீஸை அள்ளிப் பூசி, அதன்மேல் சக்கரத்தை வழுக்கவிட்டுத் திருப்புகிறார்கள். இப்போது சக்கரமும் அச்சும் இரும்பு. திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. பின்னால் புல்டோசர் நின்று உந்தித் தள்ளுகிறது. முனையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "பிரேக் வந்த பிறகு உங்களுக்கு வேலை குறைஞ்சிருக்குமே, அண்ணே?" என்று கேட்டேன். "பிரேக்கு நல்லாத்தான் புடிக்குது தம்பி. ஆனா அது நிறுத்தும், அவ்வளவுதான். திருப்பித் தருமா?" என்றார். டீயை முடிக்கவில்லை, விசில் வந்துவிட்டது.

இந்த ஊரில் தேரை நிறுத்துகிற வித்தைக்குத் தனி மரியாதை இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். திருவாரூரின் பேர்பெற்ற கதையே, தேர் நேரத்துக்கு நிற்காத கதைதானே. இளவரசன் ஏறிவந்த தேரின் காலில் கன்று மாட்டிக்கொள்ள, தாய்ப்பசு மணியடித்து நியாயம் கேட்க, மனுநீதிச் சோழன் மகனையே தேர்க்காலில் இட்ட கதை. கோயிலுக்கு வெளியே அதற்குக் கல்தேர் நிற்கிறது. ராஜா நீதி தவறாததைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டோம். அந்தத் தேருக்குக் கட்டை போட யாரும் கூடப் போகவில்லையா என்று எந்தப் பிரசங்கியும் கேட்டு நான் கேட்டதில்லை.

ஆழித்தேரும் சும்மா ஓடிவந்துவிடவில்லை. பழைய தேர் 1920களில் தீப்பிடித்து எரிந்துபோனது. புதிதாகச் செய்த தேர் 1930ல் ஓடியது. 1948க்குப் பிறகு நிலையிலேயே நின்றுவிட்டது. மறுபடி அது அசைந்தது 1970ல், கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது. சாமி கும்பிடாதவர் சாமி தேரை ஓட்டினார் என்று இன்றும் ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பக்கத்துத் திருக்குவளைக்காரருக்கு அந்தத் தேர் எப்படி இருக்கும் என்று சொல்லித் தரவா வேண்டும்?

கட்டை இப்படி என்றால், வடத்தின் கதை இன்னும் சிக்கலானது. வடம் பிடித்தால் புண்ணியம் என்கிறோம். கம்பெனி ஆட்சியில் அது புண்ணியமாகவா இருந்தது? பெரிய கோயில் தேர்களுக்குக் கிராமம் கிராமமாக ஆள் பிடித்து அனுப்புவது அதிகாரிகளின் வேலைகளில் ஒன்று. வராதவனுக்கு அடி. கோயில் காரியங்களில் அரசாங்கம் இப்படிக் கலந்திருப்பது பொறுக்காமல் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி பெரெக்ரின் மெய்ட்லண்ட் 1838ல் பதவியையே விட்டுப் போனார். அவருக்கு உறுத்தியது அவருடைய மதம். அடிபட்டவனுக்கு உறுத்தியது முதுகு.

நூற்றைம்பது வருடம் கழித்து அதே வடம் தலைகீழாகிவிட்டது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி. சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் ஆனித் தேர். முதல் மரியாதையும் வடமும் சாதித் தலைவர்களான நாட்டார்களுடையது என்ற வழக்கத்தைத் தலித் மக்கள் கேள்வி கேட்டார்கள்: நாங்கள் ஏன் தொடக்கூடாது? 1998ல் அது பெரும் தகராறாக வெடித்தது. பிறகு கோர்ட்டு, போலீஸ் காவல், பேச்சுவார்த்தை, பல ஆண்டுகள் ஓடாத தேர். வா என்று அடித்து இழுக்க வைத்ததும் இதே வடம்தான், தொடாதே என்று தள்ளி நிறுத்தியதும் இதே வடம்தான். எது 'ஆதிகாலத்து வழக்கம்' என்று அடித்துப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

2024 ஜூன் 21ஆம் தேதி, நீதிமன்ற உத்தரவோடும் பலத்த காவலோடும் கண்டதேவித் தேர் ஓடியது. அன்றைக்கேதான் நெல்லையப்பர் தேரும். நெல்லையில் அன்று வடம் அறுந்தது. மாற்றிக் கட்டினார்கள், மறுபடி அறுந்தது. டிவிக்காரர்கள் அபசகுனமா என்று விவாதம் வைத்தார்கள். வடத்தை நேரத்துக்கு மாற்றினார்களா என்று கேட்டிருந்தால் போதும். நெல்லைப் பக்கம் சறுக்குக்கட்டை என்பார்கள் நம் முட்டுக்கட்டையை. அந்தக் கூட்டத்தில், அறுந்த வடத்துக்கும் நகராத சக்கரத்துக்கும் நடுவே நின்றிருந்தவர்களைக் கேமரா காட்டவேயில்லை.

தேர்த் திருவிழா அழைப்பிதழ்களை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். கொடியேற்றத்திலிருந்து ஒவ்வொரு நாளைக்கும் உபயதாரர் பெயர், வாகனம், வீதியுலா நேரம், நாதஸ்வரக் கலைஞர், வாணவேடிக்கை உபயம், தண்ணீர்ப் பந்தல் உபயம். கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர்கூட உண்டு. கட்டை போடுகிறவர்களின் பெயரை ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. அடுத்த பங்குனிக்கு அச்சடிக்கிறபோது, அச்சகத்தின் பெயருக்கு மேலே நாலு வரி இடம் விட்டால் தாள் ஒன்றும் கிழிந்துவிடாது. அன்றைக்குக் கால் நசுங்கினால் யார் ஆஸ்பத்திரிச் செலவு பார்ப்பது என்பதையும் கையோடு பேசி முடித்துவிடலாம்.