கருத்தும் சான்றும்

இலக்கியக் கட்டுரைக்குக் கருத்து இருந்தால் போதும், சான்று எதற்கு என வினவும் மாணவர் உளர். சான்றில்லாக் கருத்து வெறும் கூற்றே என்பது நம் துணிபு.

ஆரம்பாக்கத்தை அடுத்த மீனவர் குப்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர், நெய்தற் பாடல்கள் மீனவரின் வறுமையையே பாடுகின்றன என எழுதினார். எந்தப் பாடலில் என வினவினோம், விடையில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் தாம் கண்ட வாழ்வைப் பாட்டின்மேல் ஏற்றியிருந்தார். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பாடல்களில் கிடைத்துள்ளவற்றை எல்லாம் படித்துவரப் பணித்தோம். சிறுவெண்காக்கைப் பத்தோடு மீண்டார். தம் ஊரிற் பார்த்துப் பழகிய கடற்காகம் அங்கே பாட்டுதோறும் முன்நிற்கிறது. பெரிதும் பேசப்படுவதோ பிரிவால் பசந்த தலைவியின் நோய். தம் பழைய கூற்றைத் தாமே அடித்துவிட்டு, நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கலை அப்பாடல்களைக் கொண்டே நிறுவினார். அக்கட்டுரையைத் திருத்துகையில் நாம் உற்ற மகிழ்ச்சி பெரிது.

மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் என விரித்துரைக்கும் அளவை நெறியும் இதுவே: நிறுவ வேண்டிய கருத்து, அதற்குரிய காரணம், எடுத்துக்காட்டு. பாடலை எடுத்தெழுதுவதோடு கடமை முடிந்துவிடாது; அதன் எச்சொல் கருத்துக்கு அரணாகிறது என விளக்குதலும் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! வினாவை வாழ்வு தரட்டும். விடையை நூலிடம் கேளுங்கள்.