பழைய பெட்டியில் பழைய ஒலி இல்லை

1970களின் ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஈடாக இன்று எதுவுமே வருவதில்லை என்ற வாதத்தை ஏற்க முடியாது. அது சான்றாகக் காட்டுவது பிபிசி பொறியாளர்கள் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் போன்ற தேர்ந்த சிலவற்றை மட்டுமே. அதே காலத்தில் விற்ற மட்டமான பெட்டிகள் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. தப்பிப் பிழைத்தவற்றை வைத்து ஒரு காலத்தையே எடைபோடுவது நியாயமல்ல. எல்எஸ்3/5ஏகூட ஒலிபரப்பு வேனின் குறுகிய இடத்துக்காகப் பிறந்த சிறு பெட்டி. மனிதக் குரலில் அதன் தெளிவு உண்மை, ஆழ்ந்த பேஸ் அதனிடம் கிடையாது.

அதோடு, ஐம்பது ஆண்டு கழித்துக் கேட்பது அன்றைய ஒலியே அல்ல. பல பழைய ஸ்பீக்கர்களில் கூம்பைச் சுற்றிய நுரை வளையம் விரல் பட்டாலே பொடியாக உதிர்கிறது; எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் உலர்ந்து மதிப்பு மாறுகின்றன. 'காது சொல்கிறதே' என்பார்கள். காதை நம்பலாம், கண் குறுக்கிடாதவரை. 1994இல் ஒலி ஆய்வாளர்களான ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கரைப் பார்த்தபடி கேட்டவர்கள் தந்த மதிப்பெண், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது மாறியது.

பழைய கருவியைத் திறந்து, சால்டரிங் அயர்ன் வைத்துப் பழுதுபார்க்கலாம் என்பது பெரிய நன்மைதான். அது தயாரிப்பு முறைக்கான பாராட்டு, ஒலிக்கான சான்றல்ல. பழையதை வாங்குங்கள், பேணுங்கள். ஆனால் விலை பேசுமுன், புதியதோடு ஒரே ஒலியளவில், திரைபோட்டுக் கேட்டுவிடுங்கள்.