முகமும் தொழிலும்

நம் இதழின் பின்பக்கங்களில் மாதந்தோறும் வெளிவரும் நினைவாஞ்சலிப் படங்களை வாசகர்கள் எவ்வளவு கூர்ந்து நோக்குகிறார்களோ அறியோம். அவற்றைத் தெரிந்து அச்சுக்கு அனுப்பும் நாமோ ஒவ்வொன்றையும் நோக்கியே ஆகவேண்டும். பல ஆண்டுகளாக ஒரு செய்தி நம் மனத்தை உறுத்தி வருகிறது. கொத்தனாராக வாழ்ந்தவரும், பள்ளி ஆசிரியராக வாழ்ந்தவரும், பல்லாவரத்துத் தோல் பதனிடும் ஆலையில் காலமெல்லாம் நின்றவரும் படத்தில் ஒருவரைப் போலவே தோன்றுகிறார்கள். எல்லாருக்கும் அதே கறுப்புக் கோட்டு, அதே நீலப் பின்திரை. கீழேயுள்ள பெயரை மறைத்துவிட்டால் யார் எவரென்று சொல்ல முடியாது.

சில மாதங்களுக்கு முன்னர் கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஓர் அம்மையார் மகனுடன் வந்திருந்தார். கணவருடைய முதலாம் ஆண்டு நினைவுக்காகப் படம் ஒன்றைக் கொணர்ந்தார். கணவர் தாம்பரம் மின்ரயில் பணிமனையில் பிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அடையாள அட்டையிலிருந்த முகத்தை எடுத்து, கணினியின் துணையால் கோட்டும் டையும் பொருத்தி, ஸ்டூடியோக்காரர் அழகாகவே செய்து கொடுத்திருந்தார். அம்மையார் அதை நம் மேசைமீது வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எங்க வீட்டுக்காரர் கோட்டே போட்டதில்லை ஐயா. தலையையும் இப்படி நேரா வச்சிருக்கமாட்டார்" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியமே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. மனிதரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்குமாம். வண்டிக்கு அடியில் குழிக்குள் நின்று, சுத்தியலால் போல்ட்டைத் தட்டி, ஓசையைக் கொண்டே அது இறுகியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்று அறிவது அவர் வேலை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறு காதைக் கொடுத்துக் கேட்டுக் கேட்டு, வீட்டில் பேரப்பிள்ளை பேசினாலும் தலையைச் சாய்த்துத்தான் கேட்பாராம். ஸ்டூடியோக்காரர் அதை ஒரு குறையாகக் கருதித் திருத்திவிட்டார்.

அவரைக் குறை கூறுவது முறையன்று. தலையை நிமிர்த்தி வைக்கும் வழக்கம் புகைப்படக் கலையோடு கூடவே பிறந்தது. 1839ஆம் ஆண்டில் அக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட புதிதில், ஒரு முகத்தைப் பதிப்பதற்குச் சில நிமிடங்கள்கூடப் பிடித்தன. அசைந்தால் உருவம் கலங்கிவிடும் என்று பிடரிக்குப் பின்னால் இரும்புக் கவ்வி ஒன்றை நிறுத்தி வைப்பார்கள். கவ்வி மறைந்து தலைமுறைகள் பல கடந்தபின்பும் விறைப்பு மட்டும் மறையவில்லை. நம் நாட்டு ஸ்டூடியோக்களில் அதனோடு ஒரு தூணும், நாற்காலியும், பூச்சாடியும் சேர்ந்துகொண்டன. வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ படம் எடுத்துக்கொண்ட நம் பாட்டன்மார், அன்றாட வேலைக்கோலத்தில் நிற்க விரும்பாததில் வியப்பென்ன? அழுக்குத் துணியைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டும் என்ற ஆசையிலும் ஒரு மானம் இருக்கிறது. அதை நாம் இகழோம்.

தொழிற்கருவியோடு படம் எடுத்துவிட்டால் மட்டும் மனிதர் அதில் வந்துவிடுவார் என்பதும் இல்லை. புகைப்படம் தோன்றுவதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சாவூர் ஓவியர்கள் ஆங்கிலேயருக்கென்று இணை இணையாக ஆணையும் பெண்ணையும் தீட்டிக் கொடுத்தார்கள். அவரவர் தொழிற்கருவி கையில் இருக்கும். கீழே சாதியோ தொழிலோ எழுதப்பட்டிருக்கும். மனிதருடைய பெயர் இராது. அவ்வோவியங்களை இலண்டன் அருங்காட்சியகங்களில் இன்றும் காணலாம். பின்னர் அவ்வேலையைக் காமிரா ஏற்றுக்கொண்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்து, 1909ஆம் ஆண்டில் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றிலுள்ள படங்களில் முகங்கள் உண்டு, கருவிகளும் உண்டு. ஆயினும் பார்ப்பவருக்குக் கிடைப்பது ஒரு வகையின் மாதிரியே. அந்த முகத்துக்குரியவர் வீட்டில் என்ன பெயரிட்டு அழைக்கப்பட்டார் என்று கேட்டவர் இல்லை.

இதற்கு மாறான ஒருவர் ஜெர்மனி தேசத்தில் இருந்தார். ஆகஸ்ட் சாண்டர் என்பது அவர் பெயர். குடியானவர், கொத்தனார், வழக்கறிஞர், நாடோடி எனத் தம் நாட்டு மக்கள் அனைவரையும் தொழில்வாரியாகப் படம் எடுக்க முனைந்தார். 1928இல் அவர் எடுத்த இனிப்புப் பலகாரக்காரரின் படம் உலகப் புகழ் பெற்றது. பருத்த உடலுடைய மனிதர், வெள்ளை மேலங்கியோடு, கையில் பாத்திரமும் கரண்டியுமாகத் தம் சமையற்கூடத்தில் நிற்கிறார். அந்தப் பாத்திரத்தைப் பிடித்திருக்கும் பிடியில் ஓர் அரசர் செங்கோல் பிடிக்கும் மிடுக்கு இருக்கிறது. சாண்டரும் படத்தின் கீழே தொழிலைத்தான் எழுதினார். எனினும் எவ்வாறு நிற்பது என்பதை நிற்பவருக்கே விட்டுவிடுவார்; அதனால் அவர் எடுத்த பலகாரக்காரர் வேறு எந்தப் பலகாரக்காரராகவும் ஆகமாட்டார். 1929இல் அறுபது படங்களுடன் அவர் வெளியிட்ட நூலின் அச்சுத் தகடுகளை நாஜி அரசு 1936இல் அழித்தது. தாங்கள் பறைசாற்றிய ஒரே மாதிரியான முகத்தை அந்நூலில் காணாததே காரணம் என்று எண்ணத் தோன்றுகிறது.

கருவியை விலக்கியதால் மனிதர் வெளிப்பட்டதும் உண்டு. 1941 டிசம்பர் 30இல் கனடா நாட்டின் ஒட்டாவா நகரில், யூசுப் கார்ஷ் என்பவர் சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைத் திடீரென்று பிடுங்கிவிட்டுப் படம் எடுத்தார். அந்தச் சீற்றம் நிறைந்த முகத்தையே உலகம் இன்றளவும் சர்ச்சில் என்று அறிகிறது. எல்லாருக்கும் இந்த உபாயம் பலிக்காது. நம் ஊர்ப் பெரியவர்களிடம் முயன்றால் காமிரா திரும்பி வாராது.

இனி நம் தாம்பரத்துக்கே வருவோம். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ஸ்டூடியோக்களுக்கு இன்று பிழைப்பு அளிப்பது பெரும்பாலும் கடவுச்சீட்டுப் படமே. வெள்ளைப் பின்னணி, நேரான முகம், சிரிப்புக் கூடாது என்று அதற்கு விதிகள் உண்டு. இத்தகைய படத்தில் ஒருவருடைய உள்ளம் தெரியுமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு விடை இருக்கிறது.

கணிதமேதை இராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்தவர். 1914இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். 1917இல் நோய் கண்டு மருத்துவ இல்லங்களில் தங்கத் தொடங்கினார். அவற்றுள் ஒன்று மெண்டிப் குன்றுகளில் இருந்த சானடோரியம். அதை நடத்தி வந்தவர் டாக்டர் சௌரிமுத்து என்னும் நம் நாட்டவர். அதே டாக்டர்தாம் தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். மின்ரயிலில் நாள்தோறும் சானடோரியம் நிலையத்தைக் கடந்து செல்லும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

1919இல் ஊர் திரும்புவதற்காக இராமானுஜன் கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1936இல், பேராசிரியர் ஹார்டி தம் நண்பரின் நல்ல படம் ஒன்று கிடைக்குமா என்று தேடினார். பட்டமளிப்பின்போது அங்கி அணிந்து எடுத்த குழுப்படம் இருக்கத்தான் செய்தது. அதில் அறிஞர் கோலம் இருந்ததேயன்றி அறிஞர் தெளிவாக இல்லை. இந்தியாவுக்கு வந்த இளம் விஞ்ஞானி சந்திரசேகரிடம் ஹார்டி இப்பொறுப்பை ஒப்படைத்தார். சென்னையில் எளிய வாழ்க்கை நடத்திக்கொண்டிருந்த ஜானகி அம்மாளைக் கண்டு, அவரிடமிருந்த பழைய கடவுச்சீட்டிலிருந்து அப்படத்தைச் சந்திரசேகர் பெற்றுச் சென்றார். நோயுற்றவராகத் தோன்றினாலும் மேதையாகவே இதில் விளங்குகிறார் என்ற கருத்துப்பட ஹார்டி கூறியதாகச் சந்திரசேகர் பின்னாளில் தெரிவித்திருக்கிறார். 1940இல் ஹார்டியின் நூலில் அது இடம்பெற்றது. 1983இல் பால் கிரான்லண்ட் என்னும் அமெரிக்கச் சிற்பி அந்த ஒரு படத்தை வைத்தே வெண்கலச் சிலை வடித்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று ஜானகி அம்மாள் கேட்டது செய்தித்தாளில் வந்ததே அதற்கு வித்து. உலகக் கணித அறிஞர்கள் பணம் திரட்டி அவருடைய வீட்டுக்கே சிலையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அப்படத்தில் சிலேட்டு இல்லை, நோட்டுப்புத்தகம் இல்லை. ஆங்கிலேயர் பாணியில் கோட்டுத்தான் இருக்கிறது. கண்கள் மாத்திரம் காமிராவைத் தாண்டி எதையோ கணக்கிட்டுக்கொண்டிருக்கின்றன. எடுத்தவர் பெரிய கலைஞராக இருந்திருக்க வேண்டியதில்லை. உட்கார்ந்தவரை அவர் பாட்டுக்கு இருக்கவிட்டார், அவ்வளவே.

இத்தகைய படங்கள் காப்பாற்றப்படாமலும் போகின்றன. பழைய ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடி நெகட்டிவ்கள் குப்பைக்கும் பழைய கடைக்கும் போயின. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுக்கப்பட்ட படங்களைத் தேடிக் கணினியில் பதிவு செய்திருக்கிறார்கள். நல்ல தொண்டு. ஆனால் எடுக்கப்படாத படத்தை யார் தேடிக் கண்டுபிடிப்பது? இன்று கைபேசி இல்லாத வீடில்லை. திருமணத்திலும் புதுநன்மையிலும் ஆயிரம் படங்கள் எடுக்கிறோம். அப்பா தறியில் அமர்ந்திருப்பதையோ, அம்மா சல்லடை பிடித்து மாவு சலிப்பதையோ, சன்னல் ஓரத்து வெளிச்சத்தில் அக்காள் ஊசியில் நூல் கோப்பதையோ எடுத்திருக்கிறோமா? "கொஞ்சம் இங்கே பாருங்கள்" என்று சொல்லாமல், அவர்கள் நம்மை மறக்கும்வரை பொறுத்திருந்து எடுக்கவேண்டும். வெளிச்சத்தைவிடப் பொறுமைதான் இதற்குத் தேவை.

அம்மையாரின் மகன் தம் கைபேசியில் வெகுநேரம் தேடினார். பணி ஓய்வு நாளன்று நண்பர் ஒருவர் எடுத்தனுப்பிய படம் அகப்பட்டது. கழுத்தில் மாலை. பின்னால் ரயில் பெட்டியின் சக்கரம். யாரோ பேசுவதைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முகத்தில் பாதி நிழல். அச்சகத்தார் தெளிவில்லை என்று முணுமுணுத்தார்கள். அதையே வெளியிட்டோம்.

இதழ் வந்த ஞாயிறன்று திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்றிருந்தோம். அவரோடு பணிபுரிந்த முதியவர் ஒருவர் பக்கத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "தட்டிட்டுக் கேட்கிறார் பாருங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். கோட்டுப் படம் அம்மையார் வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டுத்தான் இருக்கிறது. சட்டம் போடப் பணம் கொடுத்தாயிற்றே என்கிறார்.