முறையிட்டவளின் பேனா

சென்னையிலுள்ள பிளாஃப்ட் என்னும் சிறு பதிப்பகம் 2012ஆம் ஆண்டில் நைஜீரிய நாவல் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. மூலம் ஹவுஸா மொழியில் எழுதப்பெற்றது. எழுதியவர் வடநைஜீரியாவின் கானோ நகரைச் சேர்ந்த பலாரபா ரமத் யாகூபு. நாவலாசிரியர், திரைக்கதை எழுதுபவர், படத்தயாரிப்பாளர், இயக்குநர் என விரிந்த வாழ்வுடைய இந்த முஸ்லிம் பெண்மணியின் நூல் நம் வாசல் வரை வந்தும், நம்மில் மிகச் சிலரே அவரை அறிந்திருப்போம்.

நாவலின் பெயர் 'அல்ஹாக்கி குய்குயோ நே'. பாவம் நாய்க்குட்டியைப் போன்றது, எங்கே போனாலும் தன் எசமானனைப் பின்தொடர்ந்தே வரும் என்பது ஹவுஸாப் பழமொழி. அதிலிருந்து பிறந்த தலைப்பு. அல்ஹாஜி அப்து என்னும் செல்வந்த வணிகர், நற்பெயரில்லாத ஒருத்தியை இரண்டாம் மனைவியாக மணந்துகொண்டு, முதல் மனைவி ராபியையும் அவள் பெற்ற ஒன்பது பிள்ளைகளையும் வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுகிறார். ராபி சமைத்து விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள். 1990இல் வெளிவந்த இந்நாவல் 1998இல் திரைப்படமாயிற்று.

இக்கதையை எழுதியவர் துன்பத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவர் அல்லர். நைஜீரியாவின் ஆட்சித் தலைவராயிருந்து 1976இல் கொலையுண்ட ஜெனரல் முர்தலா முஹம்மதின் தங்கை அவர். அத்தகைய குடும்பத்தில் பிறந்தும், பள்ளிப் படிப்பு பெண்ணுக்கு வேண்டாம் என்றே தந்தை எண்ணினார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், தம்மைவிடப் பன்மடங்கு மூத்த ஒருவருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். சிறிது காலத்திலேயே அம்மணம் முறிந்தது. முதியோர் கல்வி வகுப்பில்தான் எழுதப் படிக்கக் கற்றார். பின்னர் அத்தகைய வகுப்புகளிலேயே ஆசிரியையானார். அவருடைய மற்றொரு நாவலின் தலைப்பு 'வா ஸாய் அவுரி ஜாஹிலா?' 'ஜாஹில்' என்ற சொல்லை நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. கல்லாதவளை யார் மணப்பார் என்று கேட்கிறது அந்நூல். அவளைக் கல்லாதவளாக வைத்தவர் யார் என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கானோவில் இத்தகைய நூல்களைச் 'சோயய்யா' நூல்கள் என்பர். சோயய்யா என்றால் காதல். மலிவுத் தாளில் அச்சிட்ட மெலிந்த புத்தகங்கள். சந்தையில் விற்கும், வானொலியில் வாசிக்கப்படும். திரையரங்கு பெண்களுக்கு ஏற்ற இடமன்று என்று கருதப்பட்ட அந்நகரில், வீடியோ கேசட்டுகளின் வழியே ஹவுஸாப் படங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தபோது, இந்த எழுத்தாளர்கள் பலர் அவற்றுக்கும் கதை தந்தனர். பலாரபாவும் அவ்வழியே திரைக்கு வந்தவர். இந்திப் படங்களின் ஆடல் பாடலை அப்படியே பெயர்த்து வைத்த படங்கள் பெருகிய காலம் அது.

எதிர்ப்பும் எழுந்தது. 2000இல் கானோ மாநிலம் ஷரீஅத் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு தணிக்கை வாரியம் அமைந்தது. 2007இல், நடிகை ஒருவரின் அந்தரங்கக் காணொளி கைபேசிகளில் பரவியதைத் தொடர்ந்து, படப்பிடிப்பு சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் பெண்கள் பள்ளி ஒன்றில் மாநில ஆளுநரே முன்னின்று சோயய்யா நூல்களைத் தீயிட்டார்.

ஆலிம்களின் கவலையை நாம் எள்ளி நகையாடமாட்டோம். அரைகுறை ஆடையும் அந்நியரின் ஆட்டமும் மார்க்கத்துக்கு உகந்தவை என்று எவரும் வாதிட இயலாது. சோயய்யா நூல்கள் எல்லாமே தேர்ந்தவை என்றும் சொல்லோம். ஆனால் அன்று ஒரே தீயில் இரண்டு வேறு பொருள்கள் போடப்பட்டன: ஆபாசம் என்ற குற்றச்சாட்டு ஒன்று, வீட்டுக்குள் நடக்கும் அநீதியைப் பற்றிய முறையீடு மற்றொன்று. பின்னதை எரிக்க யாருக்கு உரிமை உண்டு?

கணவனைப் பற்றி வாதாடி அல்லாஹ்விடம் முறையிட்ட ஒரு பெண்ணின் சொல்லைக் கேட்டுக்கொண்டதாக அறிவித்தே திருக்குர்ஆனின் 58ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. அவர் கவ்லா பின்த் ஸஃலபா (ரலி). அத்தியாயத்தின் பெயரே 'அல்முஜாதலா'. குடும்பத்து மானம் போய்விடும், வாயை மூடு என்று அவரிடம் சொல்லப்படவில்லை. தம் விருப்பமின்றித் தந்தை செய்துவைத்த நிக்காஹ் பற்றிக் கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அம்மணத்தையே செல்லாததாக்கினார்கள். இவ்விரு செய்திகளையும் பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவற்றைக் கேட்டுத் தலையசைத்த நாமே, பலாரபா போன்ற ஒருத்தி அதே முறையீட்டைக் கதையாக எழுதினால் 'தீனுக்கு இழுக்கு' என்கிறோம். மனைவிக்கும் மக்களுக்கும் நஃபகா கொடாமல் தெருவில் விட்ட அல்ஹாஜி அப்து அல்லவா இழுக்கு?

அவ்வடநைஜீரியாவுக்கே இதில் பழைய மரபு ஒன்று உண்டு. ஷைகு உஸ்மான் தான் ஃபோடியோவின் மகளார் நானா அஸ்மா 19ஆம் நூற்றாண்டில் அரபியிலும் ஃபுல்ஃபுல்தேயிலும் ஹவுஸாவிலும் பாக்கள் இயற்றினார். கற்றுத் தேர்ந்த பெண்களைக் கிராமம் கிராமமாக அனுப்பி, வீட்டிலிருந்த பெண்களுக்கு மார்க்கம் கற்பித்தார். சோயய்யாவையும் அவர் பாக்களையும் ஒரே தட்டில் வைக்க நாம் துணியவில்லை. பெண் பேனா பிடிப்பது கானோவுக்குப் புதுமையன்று என்பதற்காகவே குறிப்பிட்டோம்.

நம் வீடுகளிலும் மக்ரிபுக்குப் பின் தொலைக்காட்சித் தொடர்கள் ஓடுகின்றன. மாமியார் நஞ்சு வைப்பதும் மருமகள் பழிவாங்குவதும் நம்மவரல்லாத யாரோ எழுதி நமக்குத் தருபவை. அவற்றை ஏசிக்கொண்டே பார்க்கிறோம். தலாக் ஆகிப் பிறந்தகம் திரும்பிய நம் மகள் ஒருத்தி, இத்தா முடிந்த பின் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி அறைக்குள் எழுத உட்கார்ந்தால், முதலில் பதறுபவர்களும் நாமாகவே இருப்போம். என்ன எழுதுகிறாய் என்று அதட்டுவோம். எழுதி முடித்ததும் எங்களுக்கும் படித்துக் காட்டம்மா என்று கேட்க நமக்கு ஏன் நா எழுவதில்லை?