வைவாவில் எதற்கு அதட்டல்?

சித்த மருத்துவப் பட்டப் படிப்பில் வைவா நெருங்கினால் மாணவர்கள் முதலில் விசாரிப்பது, 'எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் யாரு, சிடுமூஞ்சியா?' என்றுதான். பாடமெல்லாம் அப்புறம்தான்!

வாய்மொழித் தேர்வு கண்டிப்பாக வேண்டும். கடுக்காய் எது, தான்றிக்காய் எது என்று பார்த்துச் சொல்லத் தெரியாதவரிடம் நோயாளியை எப்படி ஒப்படைப்பது? ஆனால், எடுத்த எடுப்பிலேயே 'இதுகூடத் தெரியாதா?' என்று அதட்டினால், தெரிந்த பதிலும் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அங்கே அளக்கப்படுவது பயம்தான், படிப்பு அல்ல.

நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எண்வகைத் தேர்வில் மொழியும் உண்டே! நோயாளியின் குரல் நடுங்கினால் காரணம் தேடுகிற நாம், மாணவரின் குரல் நடுங்கும்போது மட்டும் ஏன் எரிந்து விழ வேண்டும்? சுலபமான ஒரு கேள்வியில் ஆரம்பித்தால் போதும், தெளிந்துவிடுவார். இன்று அதட்டல் வாங்கும் பிள்ளை, நாளை அதையே நோயாளியிடம் காட்டினால் யார் பொறுப்பு?