டிஸ்சார்ஜ் சொல்லியாச்சு... அப்ரூவல் எப்போ வரும்? 3 மணி நேர விதி இருந்தும் தவிக்கும் நோயாளிகள்

சென்னை: மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளில் சாயங்காலம் பில்லிங் கவுன்ட்டரை எட்டிப் பாருங்கள். காலையிலேயே டாக்டர் 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லியிருப்பார். பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்துக் கிடப்பார்கள். கேட்டால், "இன்ஷூரன்ஸ் அப்ரூவல் இன்னும் வரலை சார்" என்பதுதான் பதில்.

இதற்கு முடிவு கட்டத்தான் 2024 மே 29-ந்தேதி இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கறாரான உத்தரவு போட்டது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு 3 மணி நேரத்தில் இறுதி அனுமதி தர வேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால், அதை கம்பெனி தன் பங்குதாரர் பணத்திலிருந்து கட்ட வேண்டும்.

அப்புறம் ஏன் இழுக்குது?

சிக்கல் கடிகாரத்தில்தான். டாக்டர் சொன்ன நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் ஓடாது. ஆஸ்பத்திரி பில்லைப் போட்டு, கோரிக்கையை அனுப்பி, அது கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கணக்கு ஆரம்பம். நடுவில் போகும் நேரத்துக்கு யாரும் பொறுப்பில்லை. 'கம்பெனி லேட்' என்கிறது ஆஸ்பத்திரி. 'பேப்பரே வரலை' என்கிறது கம்பெனி. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கம்பெனியைத்தான் கேட்க முடியும். ஆஸ்பத்திரிகள் மாநில அரசின் 1997-ம் ஆண்டு சட்டத்தின் கீழ் வருகின்றன.

இரு தரப்புக்கும் கட்டணத் தகராறும் பழசு. 2010 ஜூலையில் 4 பொதுத்துறை கம்பெனிகள், பில்லை ஏற்றிப் போடுகிறார்கள் என்று சொல்லி, சென்னை உள்பட 4 நகரங்களில் பல பெரிய ஆஸ்பத்திரிகளில் கேஷ்லெஸ்சை நிறுத்தின. இதில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியாவும் ஒன்று.

ஆஸ்பத்திரி தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பாக்கி நின்றால் சின்ன நர்சிங் ஹோம் சம்பளம் எப்படிக் கொடுக்கும்? மருந்துக் கடைக்கு என்ன சொல்லும்? கடைசியில் 'அட்வான்ஸ் கட்டுங்க' என்று நோயாளி தலையில்தான் விடிகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பைனல் பில்லை எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று கேட்டு, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

* கிளைமை மறுத்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். மறுஆய்வுக் கமிட்டி ஒப்புதல் இல்லாமல் மறுக்க முடியாது.

* முதலில் கம்பெனிக்குப் புகார். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உதவி எண் 155255.

* ஒரு மாதத்தில் பதில் இல்லையா? தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். ரூ.50 லட்சம் வரை விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

கம்பெனிக்கு 3 மணி நேரம் என்று கெடு வைத்தாச்சு. பில்லை அனுப்ப ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம்? அதை மாநில அரசு சொல்லாதவரை விதி பேப்பரில்தான் இருக்கும்.